ரத்தக் குழாயின் விட்டத்தை அல்ட்ராசவுண்ட் எவ்வளவு சரியாக அளக்கிறது?

ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு ஸ்கேன் ரிப்போர்ட்களை எடுத்துக்கொள்வோம். முதலாவதில் வயிற்றுப் பெருந்தமனியின், அதாவது இதயத்திலிருந்து வயிற்றின் வழியே ரத்தத்தைக் கீழே கொண்டுபோகும் பெரிய குழாயின், விட்டம் 4.2 செ.மீ. என்று இருக்கிறது. இரண்டாவதில் 4.5 செ.மீ. வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். "ஆறே மாசத்துல மூணு மில்லிமீட்டர் வீங்கிடுச்சா?" என்று ஒருவர் பயப்படுவார். "மெஷின் சரியில்ல, வேற இடத்துல எடுக்கலாம்" என்பார் இன்னொருவர். "அல்ட்ராசவுண்டை நம்பவே கூடாது, சிடி எடுத்தாத்தான் உண்மை தெரியும்" என்று மூன்றாமவர் முடித்துவைப்பார்.

மூவரும் ஒரே அனுமானத்தில் நின்று பேசுகிறார்கள்: ரத்தக் குழாய்க்கு ஒரே ஓர் அளவு உண்டு, நல்ல கருவி அதை அப்படியே சொல்லும், சொல்லாவிட்டால் கருவி மோசம். இந்த அனுமானம்தான் சிக்கல். எங்கிருந்து எங்கே, எந்தக் கோணத்தில், இதயத் துடிப்பின் எந்த நொடியில் அளந்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் வரும். அப்படிச் சொல்லப்பட்டால், அல்ட்ராசவுண்ட் பலர் நினைப்பதைவிட நன்றாகவே அளக்கிறது. சொல்லப்படாவிட்டால், மிக விலையுயர்ந்த இயந்திரம் தரும் எண்ணும் நம்மைக் குழப்பும்.

முதலில் ஒரு ரப்பர் குழாய்

செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அகலம் என்ன என்று யாராவது கேட்டால், உள் அகலமா வெளி அகலமா என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். சுவர் 2 மி.மீ. தடிமன் என்றால், இரண்டு பக்கமும் சேர்ந்து 4 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். இரண்டு விடையும் சரிதான், கேள்விதான் வேறு.

அதே குழாயை ஒரு கத்தியால் குறுக்கே வெட்டினால் வெட்டுமுகம் வட்டமாக இருக்கும். கத்தி சாய்ந்து இறங்கினால் நீள்வட்டம் கிடைக்கும். அதன் நீண்ட பக்கத்தை அளந்தால் குழாய் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். நீளவாக்கில் நடுவே பிளந்தால் முழு அகலமும் தெரியும், ஓரமாகப் பிளந்தால் குறுகலாகத் தெரியும். விரலால் அழுத்தினால் குழாய் சப்பையாகும். தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டால் கொஞ்சம் உப்பும்.

ரத்தக் குழாயை அளப்பதில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ரப்பர் குழாயிலேயே இருக்கின்றன. ஒரே ஒரு வேறுபாடு, இங்கே நாம் கத்தியால் வெட்டுவதில்லை. உடலைக் கீறாமல் ஒலியால் 'வெட்டி'ப் பார்க்கிறோம். அந்த ஒலி எப்படி அளவுகோலாகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

ஒலி எப்படி நீளத்தை அளக்கிறது

மனிதக் காதுக்கு விநாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். அதற்கு மேற்பட்ட ஒலிதான் அல்ட்ராசவுண்ட். மருத்துவ ஸ்கேனில் பயன்படுவது இதைவிட மிக மிக அதிகம்; பொதுவாக விநாடிக்கு 20 லட்சம் முதல் ஒன்றரைக் கோடி அதிர்வுகள், அதாவது 2 முதல் 15 மெகாஹெர்ட்ஸ். ஒரு விநாடியில் எத்தனை அதிர்வு என்பதைத்தான் அதிர்வெண் என்கிறோம்.

ஜெல் தடவி உடலில் வைக்கும் கருவிக்குப் புரோப் என்று பெயர். அது ஒரு குட்டி ஒலித்துடிப்பை உள்ளே அனுப்பிவிட்டு, எதிரொலிக்காகக் காத்திருக்கிறது. திசு மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒலியில் கொஞ்சம் திரும்பி வருகிறது. கொழுப்பு முடிந்து தசை தொடங்கும் இடத்தில் ஓர் எதிரொலி, குழாயின் சுவரில் ஓர் எதிரொலி, அப்புறம் எதிர்ச் சுவரில் இன்னொன்று. ரத்தத்திலிருந்து வரும் எதிரொலி மிகப் பலவீனம் என்பதால் குழாயின் உட்பகுதி திரையில் கறுப்பாகத் தெரிகிறது.

இயந்திரம் உண்மையில் அளப்பது நேரத்தை மட்டுமே. எதிரொலி திரும்ப எவ்வளவு நேரமானது என்று பார்த்து, ஒலியின் வேகத்தால் பெருக்கி, போக வர என்பதால் இரண்டால் வகுத்து, ஆழத்தைக் கணக்கிடுகிறது. 1 செ.மீ. ஆழத்துக்குப் போய்வர ஒலிக்குச் சுமார் 13 மைக்ரோவிநாடி ஆகும். ஒரு மைக்ரோவிநாடி என்பது விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய நேரத்தை மின்னணுக் கருவிகள் அலட்டிக்கொள்ளாமல் அளக்கும். அதனால் கடிகாரத்தில் பிழை இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

சரி, வேகத்தில்? எல்லா மென்திசுக்களிலும் ஒலி விநாடிக்கு 1540 மீட்டர் வேகத்தில் போகிறது என்று இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. இது ஒரு சராசரி. கொழுப்பில் வேகம் சுமார் 1450 மீட்டர். ரத்தத்தில் சுமார் 1570. "உடம்பில் கொழுப்பு அதிகம் இருந்தால் அளவு தப்பாகிவிடும்" என்று சிலர் சொல்வதற்கு இதுதான் அடிப்படை. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குழாய்க்கு மேலே கிடக்கும் கொழுப்பு, மேல் சுவரின் எதிரொலியையும் கீழ்ச் சுவரின் எதிரொலியையும் ஒரே அளவுதான் தாமதப்படுத்துகிறது. அதனால் குழாய் இருக்கும் *ஆழம்* சற்றுத் தவறும். குழாயின் *விட்டம்* அதனால் மாறாது. விட்டத்தைப் பாதிப்பது இரண்டு சுவர்களுக்கும் இடையே உள்ளதில், அதாவது ரத்தத்தில், ஒலி போகும் வேகம் மட்டுமே. அங்கே வரும் தவறு சுமார் 2 சதவீதம், 20 மி.மீ. குழாய் 19.6 என்று தெரியும். பிழைதான், ஆனால் நம்மைக் கலங்கடிக்கும் அளவுக்கு இல்லை. கொழுப்பு வேறு வழியில் தொல்லை தரும்: ஒலியை மங்கவைத்துப் படத்தைக் கலங்கலாக்கும்.

சுருக்கமாக, அல்ட்ராசவுண்ட் நேரத்தை அளந்து நீளமாக மாற்றுகிறது. அந்த மாற்றத்தில் வரும் பிழை சிறியது. பெரிய பிழைகள் வேறு இடத்தில் பிறக்கின்றன.

நெருக்கமான இரண்டு கோடுகள் எப்போது ஒன்றாகிவிடும்

அருகருகே உள்ள இரண்டு பொருட்களைத் தனித்தனியாகக் காட்டும் திறனைப் பிரிதிறன் என்பார்கள். அல்ட்ராசவுண்டுக்கு ஒரு பிரிதிறன் இல்லை. திசைக்கு ஒன்று உண்டு. பெரும்பாலும் யாரும் சொல்லாமல் விடும் விஷயம் இது.

ஒலி போகும் திசையில், அதாவது புரோப்பிலிருந்து ஆழத்தை நோக்கி, பிரிதிறன் ஒலித்துடிப்பின் நீளத்தைப் பொறுத்தது. அனுப்பிய துடிப்பு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அதிர்வெண் கூடினால் அலைநீளம், அதாவது ஓர் அதிர்வு அடைத்துக்கொள்ளும் நீளம், குறையும், துடிப்பும் குட்டையாகும். 10 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 0.15 மி.மீ. இரண்டு மூன்று அலைகள் கொண்ட துடிப்பில் பிரிதிறன் ஏறத்தாழ 0.2 மி.மீ. வருகிறது. 3.5 மெகாஹெர்ட்ஸில் அது அரை மி.மீ. அளவுக்கு வந்துவிடும்.

அப்படியானால் எப்போதும் உயர்ந்த அதிர்வெண்ணையே வைத்துக்கொள்ளலாமே? முடியாது. அதிர்வெண் கூடக் கூட ஒலியைத் திசு சீக்கிரம் உறிஞ்சிவிடும். கழுத்துத் தமனி தோலுக்கு அடியில் ஓரிரு செ.மீ. ஆழத்தில்தான் இருக்கிறது, அங்கே 10 மெகாஹெர்ட்ஸ் தாராளமாகப் போய்வரும். வயிற்றுப் பெருந்தமனி முதுகெலும்புக்கு ஒட்டி, குடலுக்குப் பின்னால் கிடக்கிறது. அதை எட்ட 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்க வேண்டும். ஆழமான குழாய் என்றால் கொஞ்சம் தெளிவை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

பக்கவாட்டில் கதை வேறு. அங்கே பிரிதிறன் ஒலிக்கற்றையின் அகலத்தைப் பொறுத்தது. அது முன்பின் திசையைவிட, அதாவது ஒலி ஆழத்தை நோக்கிப் போகும் திசையைவிட, சில மடங்கு மோசம், ஆழம் கூடக் கூட இன்னும் மோசம். அதோடு, வட்டமான குழாயின் இடது வலது சுவர்கள் ஒலிக்கற்றைக்கு இணையாக நிற்கின்றன. நேருக்கு நேர் மோதாத ஒலி சரியாகத் திரும்பி வராது. குறுக்குவெட்டுப் படத்தில் மேலும் கீழும் பளிச்சென்ற கோடுகளும் பக்கங்களில் கரைந்துபோன விளிம்புகளும் தெரிவது இதனால்தான். பெருந்தமனியை அளக்கும்போது முன்பின் விட்டத்தையே பெரிதும் நம்புவதற்கு இதுவே காரணம். அந்தத் திசையில் கருவிக்குக் கண் கூர்மை.

சுவரில் எந்தக் கோட்டிலிருந்து?

ரப்பர் குழாயில் கேட்ட அதே கேள்வி. ஆனால் இங்கே விடையைப் பொறுத்துச் சிகிச்சையே மாறலாம் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

வயிற்றுப் பெருந்தமனி சாதாரணமாகச் சுமார் 2 செ.மீ. விட்டம் இருக்கும். 3 செ.மீ. ஆனால் வீக்கம் என்று கணக்கு. ஆண்களுக்கு 5.5 செ.மீ. தொட்டால் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். இந்த எல்லைகளோடு ஒப்பிடும்போது சுவரின் தடிமன் அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால் உள் விளிம்பிலிருந்து உள் விளிம்புக்கு அளப்பதற்கும், வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளப்பதற்கும் சில மி.மீ. வித்தியாசம் வரும். ஒருவருடைய 5.2, இன்னொருவருடைய 5.5 ஆகலாம், குழாய் ஒன்றுதான். இங்கிலாந்தில் 65 வயது ஆண்களைப் பெருந்தமனி வீக்கத்துக்காகச் சோதிக்கும் தேசியத் திட்டம் உள்ளிருந்து உள் முறையைப் பின்பற்றுகிறது. வேறு பல இடங்களில் வெளியிலிருந்து வெளி முறை வழக்கத்தில் இருக்கிறது. எது சரி என்று சண்டை போடுவதைவிட, எந்த முறை என்று ரிப்போர்ட்டில் எழுதுவது எவ்வளவோ பயனுள்ளது.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அது ஏன் உருவானது என்பது இயற்பியலை அழகாகக் காட்டுகிறது. திரையில் தெரியும் வெள்ளைக் கோடு சுவரின் புகைப்படம் அன்று. எதிரொலி வந்து சேர்ந்த நேரத்தில் தொடங்கி, அது அடங்கும் வரை நீளும் ஒரு பூச்சு. கோட்டின் முன் விளிம்பு, அதாவது புரோப்பை நோக்கிய பக்கம், எதிரொலி வந்த கணத்தைக் காட்டுகிறது, அது நகராது. பின் விளிம்பு, எதிரொலியை எவ்வளவு பெரிதாக்கிக் காட்டுகிறோம் என்பதைப் பொறுத்து நீளும் அல்லது சுருங்கும். இந்தப் பெருக்கத்துக்குக் கெயின் என்று பெயர். இயந்திரத்தில் ஒரு குமிழைத் திருகினாலே மாறிவிடும். கெயினை ஏற்றினால் வெள்ளைக் கோடு தடிக்கும், கறுப்பான உள்வெளி சுருங்கும். குழாய் அப்படியேதான் இருக்கிறது, குமிழ்தான் திரும்பியிருக்கிறது.

ஆகவே, மேல் சுவரின் முன் விளிம்பிலிருந்து கீழ்ச் சுவரின் முன் விளிம்பு வரை அளந்தால் கெயினின் தொல்லை பெருமளவு நீங்கும். கழுத்துத் தமனியின் உட்சுவர்த் தடிமனைக் கீழ்ச் சுவரில் அளப்பதும் இதே தர்க்கத்தில்தான். நல்ல படத்தில் அந்தச் சுவர், நடுவே மெல்லிய கறுப்பு இடைவெளி கொண்ட இரட்டைக் கோடாகத் தெரியும். முதல் கோட்டின் முன் விளிம்பிலிருந்து இரண்டாம் கோட்டின் முன் விளிம்பு வரை எடுத்துக்கொள்வார்கள். அந்தத் தூரம் பெரும்பாலும் 1 மி.மீ.க்கும் குறைவு. அவ்வளவு சிறியதை அளக்கும்போது விளிம்பைத் தேர்ந்தெடுப்பதில் சலுகையே கிடையாது. மேல் சுவரில் இந்த வசதி இல்லாததால் அங்கே அளப்பது அவ்வளவு நம்பகமாக இல்லை.

வண்ண டாப்ளர் பற்றி ஒரு வார்த்தை. ரத்தம் நகர்வதைச் சிவப்பு, நீல நிறங்களாகக் காட்டும் முறை அது. படம் பார்க்கக் கண்ணைப் பறிக்கும். ஆனால் நிறம் எளிதாகச் சுவரின் மேல் வழிந்துவிடும்; அதை வைத்து விட்டத்தை அளந்தால் குழாய் உள்ளதைவிட அகலமாகத் தெரியும். அளப்பதற்குக் கறுப்பு வெள்ளைப் படமே சரி.

வீங்கிய பெருந்தமனியில் இன்னொரு பொறி இருக்கிறது. உள்ளே சுவரை ஒட்டி ரத்தக்கட்டி படிந்திருக்கும். கறுப்பாகத் தெரியும் ஓட்டப்பாதையை மட்டும் அளந்தால், பெரிய வீக்கத்தையும் சாதாரணக் குழாய் என்று எழுதிவிட வாய்ப்புண்டு. 'உள் விளிம்பு' என்றால் சுவரின் உள் விளிம்பு. கட்டியின் விளிம்பு அன்று.

சாய்ந்த வெட்டு

இப்போது கோணம். என் பார்வையில் மிகப் பெரிய பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன. மிக எளிதாகத் தவிர்க்கக்கூடியவையும் இவைதான்.

நேர் குறுக்குவெட்டிலிருந்து 10 டிகிரி சாய்ந்தால் பிழை வெறும் ஒன்றரைச் சதவீதம், மறந்துவிடலாம். 20 டிகிரியில் 6 சதவீதத்தைத் தாண்டுகிறது. 30 டிகிரியில் 15 சதவீதம். 45 டிகிரியில் 41 சதவீதம். 5 செ.மீ. பெருந்தமனியை 30 டிகிரி சாய்வாக வெட்டிப் பார்த்தால் நீண்ட பக்கம் 5.8 செ.மீ.க்கு அருகில் தெரியும். 5.5 என்ற எல்லையை அது தாண்டிவிட்டது, குழாய் தாண்டவே இல்லை.

வயதாகும்போது பெருந்தமனி நேர்கோடாக இருப்பதில்லை. வீங்கியது இன்னும் வளைந்து நெளிந்து கிடக்கும். அதனால் உடலுக்குக் குறுக்கே புரோப்பை வைத்தால் குழாய்க்கும் குறுக்காகத்தான் இருக்கும் என்று நம்ப முடியாது. நன்றாக ஸ்கேன் செய்பவரின் கையைக் கவனித்தால் தெரியும். புரோப்பை ஒரு புள்ளியில் நிறுத்திக்கொண்டு மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துப் பார்ப்பார். நீள்வட்டம் வட்டமாகச் சுருங்கி, மறுபடி நீளத் தொடங்கும். மிகச் சிறியதாகவும் மிக வட்டமாகவும் தெரியும் கணத்தில் படத்தை நிறுத்துவார். அதுதான் நேர் வெட்டு.

சிடி ஸ்கேனுக்கும் இதே பொறி உண்டு. சிடி படங்கள் உடலுக்குக் குறுக்கான துண்டுகளாக வருகின்றன. சாய்ந்து ஓடும் குழாயை அந்தத் துண்டிலேயே அளந்தால் அங்கேயும் நீள்வட்டம்தான். குழாயின் நடுக்கோட்டைக் கணினியில் கண்டுபிடித்து அதற்குச் செங்குத்தாக அளந்தால்தான் சரியான விட்டம். சிடி அளவு பெரும்பாலும் வெளியிலிருந்து வெளிக்கு எடுக்கப்படுவதால், உள்ளிருந்து உள்ளுக்கு எடுத்த அல்ட்ராசவுண்ட் அளவைவிடச் சில மி.மீ. கூடுதலாகத் தெரிவது இயல்பு. அதை வைத்து அல்ட்ராசவுண்ட் பொய் சொல்லிவிட்டது என்று முடிவு கட்டுவது நியாயமில்லை.

நீளவாக்கில் பார்க்கும்போது தவறு எதிர்த்திசையில் போகும். 10 மி.மீ. குழாயின் நடுவிலிருந்து ஒலித்தளம், அதாவது ஒலி 'வெட்டும்' தளம், 3 மி.மீ. விலகினால், திரையில் 8 மி.மீ. குழாய் தெரியும். படம் அழகாக இருக்கும், சுவர்கள் இணையாக இருக்கும், எண் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். நடுவில்தான் இருக்கிறோம் என்பதற்கு அடையாளம், மேல் சுவரும் கீழ்ச் சுவரும் ஒரே நேரத்தில் மிகக் கூர்மையாகத் தெரிவது.

இதுவரை வந்ததைத் திரட்டினால்: விளிம்பைத் தேர்ந்தெடுப்பதில் சில மி.மீ., குறுக்கே சாய்ந்தால் பெரிதாகத் தெரியும், நீளவாக்கில் விலகினால் சிறிதாகத் தெரியும். இவற்றில் எதுவும் இயந்திரத்தின் குறை அல்ல.

குழாய் சும்மா இருப்பதில்லை

ரத்தக் குழாய் உயிருள்ளது. ஒவ்வோர் இதயத் துடிப்பிலும் தமனி விரிந்து சுருங்குகிறது. 6 அல்லது 7 மி.மீ. விட்டமுள்ள கழுத்துத் தமனி துடிப்புக்குத் துடிப்பு அரை மி.மீ. அளவுக்கு விரியும். அதனால் விரிந்த கணத்தில் ஒரு முறையும் சுருங்கிய கணத்தில் மறுமுறையும் அளந்தால், நடுவில் நோய் எதுவும் இல்லாமலே வித்தியாசம் வரும். கூடவே ஈசிஜி பதிவு ஓடினால் கணத்தைப் பொருத்திக்கொள்ளலாம்.

சிரைகள், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்கள், இதைவிடப் பல மடங்கு நிலையற்றவை. சுவர் மெல்லியது, உள்ளே அழுத்தம் குறைவு. புரோப்பின் எடையே போதும், சிரை சப்பையாகிவிடும். காலில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனையே இந்தக் குணத்தை வைத்துத்தான்: அழுத்தினால் முழுதாக ஒட்டிக்கொள்ளும் சிரையில் கட்டி இல்லை. ஆனால் விட்டத்தை அளக்கும்போது அதே குணம் எதிரியாகிறது. ஜெல்லைத் தாராளமாகத் தடவி, புரோப் தோலில் பட்டும் படாமலும் இருக்கப் பிடிப்பது இதற்காகத்தான்.

டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா அறுவைக்கு முன் சிரையை அளப்பார்கள். மேலே கட்டுப்பட்டை கட்டிய நிலையில் 2.5 மி.மீ.யாவது இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. குளிர்ந்த அறையில், கட்டுப்பட்டை இல்லாமல், புரோப்பை அழுத்தி அளந்தால் நல்ல சிரையும் தேறாது. அப்படி ஒருவருக்கு 'சிரை போதாது' என்று எழுதிவிட்டால், பயன்படக்கூடிய ஒரு குழாய் வீணாகப் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். எண்ணைவிட எண் எடுக்கப்பட்ட நிலைமை முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

வயிற்றில் ஓடும் கீழ்ப் பெருஞ்சிரை மூச்சோடு சேர்ந்து மாறும். அது 2.1 செ.மீ.க்கு மேல் இருக்கிறதா, மூக்கால் சட்டென்று மூச்சிழுத்தால் பாதிக்கு மேல் சுருங்குகிறதா என்பதை வைத்து இதயத்தின் வலது மேலறையில் உள்ள அழுத்தத்தை மதிப்பிடுகிறார்கள். இதில் நுணுக்கமான ஏமாற்று ஒன்று உண்டு. மூச்சிழுக்கும்போது சிரை சுருங்குவது மட்டுமில்லை, இடமும் நகர்கிறது. ஒலித்தளம் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போய்விட்டால், சிரை சுருங்காமலே திரையில் சுருங்கியதுபோல் தெரியும். குறுக்குவெட்டிலும் ஒரு முறை பார்த்து உறுதிசெய்துகொண்டால் இந்தத் தவறு பிடிபட்டுவிடும்.

பிரிதிறனைவிடச் சிறிய மாற்றத்தை எப்படி அளக்கிறார்கள்?

கவனமாகப் படித்தவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். முழங்கைக்கு மேலே ஓடும் மேற்கைத் தமனி சுமார் 4 மி.மீ. முன்கையில் பட்டை கட்டி 5 நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்தி விடுவித்தால், வேகமாகப் பாயும் ரத்தத்துக்கு ஏற்ப இந்தத் தமனி சற்று விரியும். தமனியின் உட்புறச் செல்கள் நலமாக இருக்கின்றனவா என்று பார்க்கும் இந்தச் சோதனை 1992 முதல் ஆய்வுகளில் புழங்குகிறது. விரிவு 5 சதவீதம் என்றால் 0.2 மி.மீ. பிரிதிறனே 0.2 மி.மீ. என்றோமே, பிறகு அந்த மாற்றத்தை எப்படி நம்புவது?

பிரிதிறன் என்பது *இரண்டு* விளிம்புகளைப் பிரித்துக் காட்டும் திறன். *ஒரே* விளிம்பு எங்கே இருக்கிறது என்று சொல்வது வேறு வேலை. அதில் இன்னும் நுட்பமாகப் போகலாம். நீளவாக்குப் படத்தில் ஒரு சுவர் நூற்றுக்கணக்கான புள்ளிகளில் பதிவாகிறது. ஒவ்வொரு புள்ளியிலும் மென்பொருள் விளிம்பைத் தேடி, எல்லாவற்றையும் சராசரி எடுக்கிறது. அப்புறம் பல இதயத் துடிப்புகளுக்கும் சராசரி.

பிழையில் இரண்டு வகை என்பதை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். சில சமயம் கூட, சில சமயம் குறைய என்று தற்செயலாக வருவது ஒரு வகை. தொடர்பில்லாத நூறு அளவுகளைச் சராசரி எடுத்தால் அது பத்தில் ஒரு பங்காகக் குறையும். எப்போதும் ஒரே பக்கம் இழுப்பது இன்னொரு வகை: சாய்ந்த கோணம், ஏற்றி வைத்த கெயின், ரத்தத்தில் ஒலிவேகம் மாறுபடுவது எல்லாம் இதில் சேரும். நூறு முறை என்ன, ஆயிரம் முறை அளந்தாலும் இது குறையாது. தவறான கோணத்தில் எடுத்த படத்தில் மூன்று முறை அளந்து மூன்றும் ஒத்துப்போனால் அதில் நிம்மதிக்கு ஏதுமில்லை.

ஆனால் ஒரே பக்கம் இழுக்கும் பிழைக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. முதல் அளவிலும் இரண்டாம் அளவிலும் அது அதே அளவு இருந்தால், சதவீத மாற்றத்தைக் கணக்கிடும்போது கழிந்துபோகும். ஒலிவேகத்தால் வரும் 2 சதவீதப் பிழை கைத்தமனிச் சோதனையில் யாரையும் தொந்தரவு செய்யாதது இதனால்தான். புரோப் அசையாமல் இருக்கத் தாங்கி ஒன்றில் பொருத்துவதும், ஒரே துண்டை ஒரே கோணத்தில் கடைசிவரை பார்ப்பதும், பிழையை நீக்குவதற்கு மட்டுமல்ல. நீங்காத பிழையையாவது மாறாமல் வைத்திருப்பதற்கு.

விட்டம், பரப்பு, 'பாதி அடைப்பு'

அளவு கொஞ்சம் தவறினால் என்ன என்று கேட்கலாம். விட்டத்தோடு நின்றால் பெரிய பாதிப்பில்லை. ரத்த ஓட்டத்தின் அளவைக் கணக்கிடும்போது குழாயின் குறுக்குப் பரப்பு வேண்டும். பரப்பில் விட்டம் இரண்டு முறை பெருக்கப்படுகிறது. 4 மி.மீ. குழாயை 4.4 என்று அளந்தால் விட்டத்தில் பிழை 10 சதவீதம், ஓட்டத்தில் 21 சதவீதம்.

'50 சதவீத அடைப்பு' என்பதும் இதே காரணத்தால் குழப்பும். விட்டம் பாதியாகக் குறைந்தால் பரப்பு கால் பங்காகிவிடும். அதாவது பரப்புக் கணக்கில் 75 சதவீத அடைப்பு. ஒரே அடைப்பை இரண்டு ரிப்போர்ட்கள் 50 என்றும் 75 என்றும் எழுதலாம், இரண்டும் உண்மை. எந்தக் கணக்கு என்று கேட்காமல் 'நோய் முற்றிவிட்டது' என்று பதறக் கூடாது.

கழுத்துத் தமனியில் அடைப்பின் அளவை முதன்மையாக விட்டத்தை வைத்து முடிவு செய்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறுகிய இடத்தில் ரத்தம் வேகமெடுக்கும். அந்த வேகத்தை டாப்ளர் அளக்கும். உச்ச வேகம் விநாடிக்கு 125 செ.மீ.யைத் தாண்டினால் 50 சதவீதமோ அதற்கு மேலோ, 230-ஐத் தாண்டினால் 70 சதவீதமோ அதற்கு மேலோ என்பது பரவலாகப் பயன்படும் அளவுகோல். சுண்ணாம்பு படிந்த அடைப்பு ஒலியைத் தடுத்து நிழல் விழச்செய்யும்போது விட்டமே தெரியாது. அங்கே வேகம் கைகொடுக்கிறது.

ரிப்போர்ட்டில் உள்ள தசமப் புள்ளி

திரையில் விளிம்புகளைக் குறிக்கும் இரண்டு சிறு குறிகளுக்குக் கேலிபர் என்று பெயர். அவற்றை எங்கே வைத்தாலும் இயந்திரம் தயங்காமல் 4.27 என்று இரண்டு தசமம் வரை எழுதிவிடும். அது கணக்கின் துல்லியம், அளவின் துல்லியம் இல்லை. கேலிபரை வைத்த கை ஒரு மி.மீ. தள்ளி வைத்திருந்தாலும் அதே நம்பிக்கையோடு 4.37 என்று எழுதும். ஒரே பெருந்தமனியை இரண்டு அனுபவசாலிகள் ஒரே நாளில் அளந்தால் 2, 3 மி.மீ. வேறுபடுவது சாதாரணம்.

இப்போது 4.2, 4.5 ரிப்போர்ட்களைப் படிப்பது எளிது. சிறிய வீக்கங்கள் சராசரியாக ஆண்டுக்கு 2 முதல் 3 மி.மீ. வளரும். ஆறு மாதத்தில் வந்த 3 மி.மீ. வித்தியாசத்தில் ஒன்றரை மி.மீ. வளர்ச்சியும் மீதி அளவீட்டு வேறுபாடும் இருக்கலாம். முழுதும் வேறுபாடாகவும் இருக்கலாம். உண்மையாகவே வேகமாக வளர்ந்தும் இருக்கலாம். இரண்டு எண்களை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. மூன்றாவது, நான்காவது அளவுகள் ஒரே திசையில் போனால்தான் அது போக்கு.

அந்த அடுத்த அளவுகள் பயன்பட வேண்டுமானால் முன்னதோடு ஒப்பிடத் தக்கவையாக இருக்க வேண்டும். பழைய ரிப்போர்ட்டை மட்டுமல்லாமல் பழைய படங்களையும் எடுத்துச்செல்லுங்கள். கேலிபர் எங்கே வைக்கப்பட்டது என்பது படத்தில்தான் தெரியும். உள் விளிம்பா வெளி விளிம்பா, முன்பின் விட்டமா பக்கவாட்டு விட்டமா, குறுக்குவெட்டிலா நீளவாக்கிலா என்று கேளுங்கள். இது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை, நல்ல மருத்துவர் மகிழ்ந்து பதில் சொல்வார். முடிந்தால் அதே இடத்தில் எடுங்கள். வயிற்று ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் அப்படியே போங்கள். குடலில் உள்ள வாயு ஒலியை அப்படியே திருப்பி அனுப்பிவிடும், பின்னால் உள்ள பெருந்தமனி தெரியாது.

எல்லைக்கு அருகில் உள்ள எண்களை மருத்துவர்கள் தனியாக நடத்துவதும் இதனால்தான். மேலே சொன்ன இங்கிலாந்துத் திட்டத்தில் 3 முதல் 4.4 செ.மீ. வரை ஆண்டுக்கு ஒரு முறை, 4.5 முதல் 5.4 வரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி அளக்கிறார்கள். 5.5 தொட்டதும் நேராக அறுவை அறைக்கு அனுப்புவதில்லை. ரத்தக் குழாய் அறுவை நிபுணரிடம் அனுப்புகிறார்கள். அவர் பெரும்பாலும் சிடி எடுத்து, வீக்கத்தின் வடிவத்தையும் நோயாளியின் உடல்நிலையையும் சேர்த்துப் பார்த்துத்தான் அடுத்த அடியை முடிவு செய்வார். ஆனால் வயிற்றிலோ முதுகிலோ திடீரென்று கடுமையான வலி வந்தால் இந்த மில்லிமீட்டர் கணக்கு எதுவும் பொருந்தாது. பெருந்தமனி வீக்கம் இருப்பதாகத் தெரிந்தவர் அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.